குருதியின் தாய்வீடு

நம் உடலில் ஓடும் இரத்தம் எங்கே பிறக்கிறது? யூனானி முறையில் தேர்ந்த ஹகீம் ஒருவரைக் கேட்டால், "கல்லீரலில் ஊறுகிறது" என்பார். பள்ளியில் படிக்கும் பேரனைக் கேட்டால், "எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியாகிறது" என்பான். இருவரும் தத்தம் நூல்களில் கற்றதையே கூறுகின்றனர். ஆயினும் இருவரையும் ஒருங்கே திகைக்க வைக்கும் உண்மை ஒன்றுண்டு. கருவறையில் சிசுவுக்கு எலும்பு தோன்றுமுன்பே, கல்லீரல் உருப்பெறுமுன்பே, இரத்தம் தோன்றிவிடுகிறது. வீடு எழும்புமுன்பே குடியிருப்போர் வந்துவிட்டார்களெனில், அவர்களின் தாய்வீடு எது?

இக்கேள்வி ஏறத்தாழ இருபத்து மூன்று நூற்றாண்டுகளாக அறிஞர் பெருமக்களின் சிந்தையைக் கவர்ந்து வந்துள்ளது. கிரேக்கத்தில் எழுந்து, பக்தாதிலும் கெய்ரோவிலும் அரபு மொழியில் ஆராயப்பெற்று, ஐரோப்பாவின் உருப்பெருக்கிக் கண்ணாடிகளின் கீழ் வளர்ந்து, நம் காலத்தில்தான் தெளிவான விடை கண்டது. அந்த வரலாற்றில் அறிவைத் தேடுவோருக்கு ஒரு பாடமும் உண்டு.

இதயமா, கல்லீரலா?

கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டில் கோழி முட்டைகளை நாள்தோறும் ஒவ்வொன்றாக உடைத்து, உள்ளே கரு வளரும் முறையைக் கண்டறிந்தார். மூன்று நாட்கள் கழிந்தபின் செந்நிறப் புள்ளியொன்று துள்ளித் துடிப்பதைக் கண்டார். அதுவே இதயம். முதலில் தோன்றுவது அதுவேயாதலால் இரத்தத்தின் மூலமும் அதுவே என முடிவு செய்தார்.

அவருக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த மருத்துவர் காலென் (அரபியில் ஜாலீனூஸ்) வேறு கூறினார். உண்ட உணவு இரைப்பையில் கூழாகி, நாளங்களின் வழியே கல்லீரலை அடைந்து, அங்கே இரத்தமாக மாறுகிறது என்பது அவரது கொள்கை. 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவருடைய குழுவினரும் காலெனின் நூல்களை மொழிபெயர்த்தபோது இக்கொள்கை அரபு மருத்துவத்தின் அடித்தளமாயிற்று. இன்றைய யூனானி மருத்துவத்தில் கல்லீரலுக்கு இருக்கும் சிறப்பிடம் அங்கிருந்து வந்ததே.

இவ்விரு பெரியார்களின் கருத்து வேற்றுமை இப்னு சீனாவை (இறப்பு: ஹிஜ்ரி 428, கி.பி. 1037) இக்கட்டில் நிறுத்தியது. 'அல்கானூன்' என்னும் தமது பெருநூலில் அவர் நுட்பமான வழியொன்றைக் கையாண்டார். உறுப்புகளுக்கெல்லாம் தலைமை யாது என்னும் வழக்கில் உண்மை தத்துவ ஞானியாகிய அரிஸ்டாட்டிலின் பக்கம் இருப்பினும், நோயைத் தீர்க்க வந்த மருத்துவனுக்கு அவ்வழக்கு இன்றியமையாததன்று என்று கூறி மேலே சென்றார். இரத்தம் சமைக்கும் பணி கல்லீரலிடமே நின்றது.

ஒரு ஃபகீஹின் துணிவு

இந்நூலுக்கு உரை எழுதியவர்களுள் ஒருவர் டமாஸ்கஸ் நகரில் கற்று, கெய்ரோவில் வாழ்ந்த இப்னுந் நஃபீஸ் (இறப்பு: ஹிஜ்ரி 687, கி.பி. 1288). அவர் மருத்துவர் மட்டுமல்லர். நம் கடற்கரை ஊர்களில் பலர் பின்பற்றும் அதே ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹுக் கலையைக் கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மதரஸாவில் போதித்தவர். தம் இல்லத்தையும் நூலகத்தையும் மன்சூரி மருத்துவமனைக்கே விட்டுச் சென்றவர்.

இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் இருப்பதாகவும், அவற்றின் வழியே இரத்தம் வலப்புறமிருந்து இடப்புறம் செல்வதாகவும் காலென் கூறியிருந்தார். இப்னு சீனாவும் அதனை ஏற்றிருந்தார். இப்னுந் நஃபீஸ் 1242-ஆம் ஆண்டளவில் எழுதிய உரையில் அதனை மறுத்தார். அச்சுவரில் துளையில்லை, இரத்தம் நுரையீரல்களுக்குச் சென்று, அங்கே காற்றுடன் கலந்தே இடப்புறம் வந்து சேரவேண்டும் என்று எழுதினார். மார்க்க நெறியும் தம் இயல்பான இரக்கமும் உடலறுப்பைத் தடுப்பதாக அந்நூலிலேயே அவர் குறிப்பிடுகிறார். ஆயினும் முன்னோர் சொல்லைச் சீர்தூக்கிப் பார்க்கும் அறிவை அவர் தடுத்து வைக்கவில்லை. எவருக்கு உரை எழுத அமர்ந்தாரோ, அவரையே மரியாதையுடன் மறுத்தார்.

அந்த உண்மைக்கு நேர்ந்த கதி என்ன? 1924-ஆம் ஆண்டில் முஹ்யித்தீன் அத்ததாவி என்னும் எகிப்திய மருத்துவர் பெர்லின் நூலகத்திலிருந்த கையெழுத்துப் பிரதியைக் கொண்டு ஜெர்மனியில் ஆய்வுரை எழுதும்வரை, 682 ஆண்டுகள் அது உலகின் பொதுக் கவனத்துக்கு வராமலேயே கிடந்தது. கண்டுபிடிப்பது ஒன்று, கண்டதை உலகம் ஏற்பது மற்றொன்று. இரத்தத்தின் பிறப்பிடத்தைத் தேடிய வரலாற்றிலும் இவ்வேறுபாட்டை மீண்டும் காண்போம்.

முட்டைக்குள் ஒரு தீவு

இரத்த ஓட்டத்தை 1628-இல் விளக்கிய ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி, தம் முதுமையில், 1651-இல், உயிரினங்களின் பிறப்பைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். அவரும் முட்டைகளை உடைத்தே பார்த்தவர். ஆனால் அரிஸ்டாட்டிலுக்கு மாறாக, இதயத்துக்கும் முந்தியது இரத்தமே என்றார். உருப்பெருக்கிக் கண்ணாடி பரவலாக வழங்குமுன் வெறுங்கண்ணால் இதற்குமேல் செல்ல இயலாது. 1661-இல் மால்பீகி தவளையின் நுரையீரலில் மயிரிழை போன்ற நுண்நாளங்களைக் கண்டார். 1674-இல் லீவன்ஹூக் இரத்தத்தின் சிவப்பணுக்களை விவரித்தார். அதன் பிறகே, 'இரத்தம் எங்கே பிறக்கிறது' என்பது, 'இந்த அணுக்கள் எங்கே பிறக்கின்றன' என்னும் கூர்மையான கேள்வியாயிற்று.

1817-இல் கிறிஸ்டியன் பாண்டர் கோழிக் கருவை ஆராய்ந்து, கருவுக்கு வெளியே மஞ்சட்கருவின்மீது படர்ந்த படலத்தில் சிவந்த திட்டுக்கள் இருப்பதைக் கண்டு, அவற்றுக்கு 'இரத்தத் தீவுகள்' எனப் பெயரிட்டார். அடைகாக்கத் தொடங்கிய இரண்டாம் நாளிலேயே அவை தோன்றுகின்றன. ஒவ்வொரு தீவின் வெளியோரத்து அணுக்களும் தட்டையாகி நாளத்தின் சுவராகின்றன. உள்ளே உள்ளவை உருண்டு இரத்த அணுக்களாகின்றன. பாத்திரமும் அதனுள் இருக்கும் நீரும் ஒரே மண்ணிலிருந்து ஒரே வேளையில் உருவாவது போன்ற விந்தை இது.

1868-இல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் நியூமனும் இத்தாலியில் பிட்ஸொஸெரோவும், வளர்ந்த உடலில் இரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாவதை நிறுவினர். கல்லீரலின் நெடுநாள் பட்டயம் அத்துடன் பறிபோயிற்று. 1909-இல் ரஷ்ய அறிஞர் அலெக்சாண்டர் மாக்ஸிமோவ், சிவப்பணு, வெள்ளணு அனைத்துக்கும் ஒரே மூல உயிரணுவே தாய் என்று பெர்லினில் எடுத்துரைத்தார். எனில், மஜ்ஜை உருவாகுமுன் அம்மூல அணு எங்கே இருந்தது?

கண்டவர்களும் மறுத்தவர்களும்

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக முழுப் பேராசிரியர் நிலையை அடைந்த பெண்மணி ஃபுளோரன்ஸ் ஸேபின். அவர் உயிருள்ள கோழிக்கருவின் மென்படலத்தைக் கண்ணாடித் துண்டில் ஒரு துளி நீர்மத்தில் தொங்கவிட்டு, இரவு முழுதும் உறங்காமல் உருப்பெருக்கியின் முன் அமர்ந்து, நாளங்கள் உருவாவதையும், அச்சுவர்களின் அணுக்களிலிருந்து சிவப்பணுக்கள் எழுவதையும், இறுதியில் இதயம் துடிக்கத் தொடங்குவதையும் நேரில் கண்டார். அதனை 1920-இல் விரிவாக எழுதினார். இரத்தத்துக்கும் நாளத்துக்கும் பொதுவான இத்தாய் அணுவுக்கு, 1932-இல் மர்ரே என்னும் அறிஞர் தனிப்பெயர் சூட்டினார்.

இதற்குச் சற்று முன்பே, 1916-இல், அமெரிக்க ஆய்வாளர்களாகிய ஜோர்டனும் எம்மெலும் பாலூட்டிகளின் கருவில் வேறொரு காட்சியைக் கண்டிருந்தனர். முதுகெலும்பு அமையவிருக்கும் பகுதியை ஒட்டி ஓடும் பெருநாடியின் அடிச்சுவரில், திராட்சைக் குலைபோல் உருண்ட அணுக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. நாளத்தின் உள்வரி அணுக்களே மாறி இவ்விரத்த அணுக்களைப் பெற்றெடுக்கின்றன என்று ஜோர்டன் வாதிட்டார்.

உலகம் உடனே ஏற்கவில்லை. நாளத்தின் உள்வரி வெறும் பூச்சு. அது இரத்தத்தைப் பெறும் ஆற்றல் உடையதன்று என்று சார்லஸ் ஸ்டாக்கார்டு 1915-இலேயே எழுதியிருந்தார். இரத்த ஓட்டம் நிறுத்தப்பட்ட மீன்கருக்களை ஆராய்ந்து அவர் அம்முடிவுக்கு வந்திருந்தார். மறுத்தோரிடமும் நியாயம் இருந்தது. இறந்த கருவைச் சீவி எடுத்த மெல்லிய துண்டில் ஓர் அணு சுவரோடு ஒட்டியிருப்பதைக் காணலாம். ஆனால் அது சுவரிலிருந்து வெளிவருகிறதா, அன்றி ஓடிவந்து சுவரில் ஒட்டிக்கொண்டதா? வாசற்படியில் நிற்பவரைப் படம் பிடித்தால், அவர் வீட்டுக்காரரா விருந்தாளியா என்பதைப் படம் சொல்லாது. இந்த ஐயத்தைத் தீர்க்க மேலும் தொண்ணூறு ஆண்டுகள் தேவைப்பட்டன.

காடையும் கோழியும்

1970-இல் ஆஸ்திரேலியாவின் மூர், மெட்காஃப் என்னும் இருவர், மஞ்சட்கருப் பையின் இரத்தத் தீவுகளே வாழ்நாள் இரத்தம் அனைத்துக்கும் ஊற்று. அங்கிருந்து கிளம்பிய அணுக்களே பின்னர் கல்லீரலிலும் மஜ்ஜையிலும் குடியேறுகின்றன என்றனர். பெரும்பாலோர் அதனை ஏற்றனர்.

1975-இல் பிரெஞ்சு அறிஞர் ஃபிரான்சுவாஸ் தியெதெர்லென்-லியெவ்ர் அதனைச் சோதித்தார். காடையின் அணுவையும் கோழியின் அணுவையும் உட்கருவின் தோற்றத்தைக் கொண்டே வேறுபடுத்தலாம் என்று நிக்கோல் லெ துவாரின் அம்மையார் 1969-இல் காட்டியிருந்தார். அவ்வழியைப் பயன்படுத்தி, காடையின் கருவுடலைக் கோழியின் மஞ்சட்கருப் பையின்மீது ஒட்டி வளர்த்தார் தியெதெர்லென். இரத்தம் பையிலிருந்து வருவதாயின் அது கோழியின் இரத்தமாகவும், உடலிலிருந்து வருவதாயின் காடையின் இரத்தமாகவும் இருக்கவேண்டும். முதலில் ஓடியது கோழியின் இரத்தமே. ஆனால் நிலைத்து நின்று, மண்ணீரலையும் மஜ்ஜையையும் நிறைத்தது காடையின் இரத்தம். ஆகவே ஊற்றுக்கள் இரண்டு: அவசரத் தேவைக்கு முதலில் சுரக்கும் பையின் ஊற்று ஒன்று, வாழ்நாள் முழுமைக்கும் உரிய, கருவுடலுக்குள்ளேயே பிறக்கும் ஊற்று மற்றொன்று.

அந்த இரண்டாம் ஊற்று எங்கே? 1996-இல் மெட்வின்ஸ்கியும் ஜியர்சாக்கும் எலிக்கருவின் பெருநாடிப் பகுதியைத் தனியே எடுத்து வளர்த்து, முழு இரத்தத்தையும் மீட்கவல்ல மூல அணுக்கள் அங்கேயே உருவாவதைக் காட்டினர். அதே ஆண்டில் பிரான்ஸில் ஆராய்ந்தவர்கள் மனிதக் கருவிலும், 27-ஆம் நாள் அளவில், பெருநாடியின் அடிச்சுவரில் அதே திராட்சைக் குலைகளைக் கண்டனர். 1998-இல் ஜாஃப்ரெதோவும் அவர்தம் துணைவர்களும் கோழிக்கருவின் இரத்த ஓட்டத்தில் ஒளிரும் சாயமொன்றைச் செலுத்தினர். அச்சாயத்தை நாளத்தின் உள்வரி அணுக்களே உட்கொள்ளும். குலைகள் தோன்றுமுன்பே அவை சாயமேற்றப்பட்டன. பின்னர் தோன்றிய குலைகளின் அணுக்களிலும் அதே சாயம் இருந்தது. நிற்பவர் விருந்தாளியல்லர், வீட்டிலேயே பிறந்தவர் என்பதற்கு இது வலுவான சாட்சி.

கண்ணால் கண்ட சாட்சியம் 2010-இல் கிடைத்தது. வரிக்குதிரை மீன் எனப்படும் சிறு மீனின் கரு பளிங்குபோல் ஒளி ஊடுருவுவது. பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் கிஸ்ஸாவும் எர்போமெலும் உயிருள்ள மீன்கருவின் பெருநாடியை மணிக்கணக்காகப் படமெடுத்தனர். அதே ஆண்டில் அமெரிக்காவில் மீனிலும், நெதர்லாந்தில் எலியிலும் வேறு குழுவினர் இதனை உறுதி செய்தனர். 1916-இல் சொல்லப்பட்டது 94 ஆண்டுகளுக்குப் பின் மெய்ப்பிக்கப்பட்டது.

சுவர் உயிர்பெற்றெழும் விதம்

நாளத்தின் உட்புறத்தில் தட்டையான அணுக்கள், தளத்தில் பதித்த ஓடுகளைப்போல், ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து கிடக்கின்றன. அவற்றுள் சிலவற்றில், ரன்க்ஸ்-1 எனப் பெயரிடப்பட்ட மரபணு விழித்தெழுகிறது. உடனே அவ்வணு மெல்ல வளைகிறது. தட்டையாயிருந்தது உருளத் தொடங்குகிறது. அண்டை அணுக்களுடன் கொண்ட பிணைப்புக்களைத் தளர்த்துகிறது. அண்டை அணுக்களோ ஒன்றையொன்று நெருங்கி அவ்விடத்தை மூடுகின்றன. சில மணி நேரத்தில் சுவரின் ஓர் ஓடாயிருந்தது விடுபட்டு, இரத்தத்தின் மூல அணுவாக வெளியேறுகிறது. நாளம் கிழிவதில்லை, இரத்தம் கசிவதில்லை.

ரன்க்ஸ்-1 இல்லாத எலிக்கருக்களில் இக்குலைகள் தோன்றுவதேயில்லை. அவை பிறக்குமுன்பே இறக்கின்றன. சுவரைவிட்டு எழும் கட்டத்தில்தான் அம்மரபணு இன்றியமையாதது என்பதை 2009-இல் நான்சி ஸ்பெக் குழுவினர் காட்டினர். அதே ஆண்டில் இரு குழுவினர் மற்றோர் உண்மையையும் வெளியிட்டனர். இதயம் துடித்து, இரத்தம் ஓடி, அவ்வோட்டம் சுவரைத் தேய்த்துச் செல்லும் விசையும் இம்மாற்றத்தைத் தூண்டுகிறது. இதயம் துடிக்காத மீன்கருக்களில் இம்மூல அணுக்கள் மிகக் குறைவு. ஓட்டமில்லாத கருக்களில் தேடிய ஸ்டாக்கார்டுக்கு உள்வரி தன் இரகசியத்தைக் காட்டாததில் இதற்கும் பங்கிருக்குமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இது நெடுநாள் நடப்பதன்று. மனிதக் கருவில் 27-ஆம் நாள் முதல் ஏறத்தாழ 40-ஆம் நாள் வரையே இக்குலைகள் காணப்படுகின்றன. தான் கருவுற்றிருப்பதையே தாய் அப்போதுதான் உணரத் தொடங்கியிருப்பாள். அச்சில நாட்களில் எழுந்த அணுக்களே கல்லீரலுக்குச் சென்று பெருகி, பின்னர் மஜ்ஜையில் குடிபுகுந்து, ஆயுள் முழுதும் இரத்தத்தை ஆக்குகின்றன. வளர்ந்த மனிதனின் உடலில் ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 20 இலட்சம் சிவப்பணுக்கள் பிறக்கின்றன. எழுபது வயது முதியவரின் இரத்தத்துக்கும் வேர் அந்த இரு வாரங்களில்தான் இருக்கிறது.

இப்போது பழைய வழக்காளிகளை மீண்டும் அழைப்போம். இதயமே முதல் என்றார் அரிஸ்டாட்டில். இதயத்தின் துடிப்பின்றி மூல அணுக்கள் செவ்வனே எழுவதில்லை. இரத்தமே முதல் என்றார் ஹார்வி. பையின் தீவுகளில் ஓட்டம் தொடங்குமுன்பே இரத்த அணுக்கள் தோன்றுகின்றன. கல்லீரல் என்றார் காலென். கருவாழ்வின் பெரும்பகுதியில் இரத்தம் ஆக்கும் தலைமை இடம் கல்லீரலே. மஜ்ஜை என்றார் நியூமன். பிறந்தபின் அதுவே உண்மை. ஒவ்வொருவரும் ஒரு பங்கைக் கண்டார்கள். அதனையே முழுமை என்று கொண்டபோதுதான் தவறு நேர்ந்தது.

இதனால் யாது பயன்?

இரத்தப் புற்றுநோயாலும் தலசீமியாவாலும் வாடும் குழந்தைகளுக்கு மூல அணு மாற்றுச் சிகிச்சை உயிர்காக்கும் வழி. அதற்குப் பொருத்தமான கொடையாளி வேண்டும். உடன்பிறந்தாரிடமும் பொருந்தாமல், தேடித் தேடி நாட்கள் கழியும் பெற்றோரின் துயரை நேரில் கண்டவர்கள் அறிவர். நோயாளியின் தோல் அணுவிலிருந்தே மூல அணுவை ஆக்கமுடியுமெனில் அத்துயர் தீரும். பெருநாடிச் சுவரில் நடப்பதை ஆய்வுக்கூடத்தில் படிப்படியாகப் பின்பற்றுவதே அதற்கு வழி. 2017-இல் இரு குழுவினர் இத்திசையில் பெரும் அடி எடுத்து வைத்தனர். 2024-இல் மெல்போர்ன் நகரில் ஆக்கப்பட்ட மனித மூல அணுக்கள் எலிகளின் மஜ்ஜையில் நிலைகொண்டு இரத்தம் ஆக்கின. மனிதருக்குச் சிகிச்சையாக வருமுன் இன்னும் பல சோதனைகள் எஞ்சியுள்ளன. ரன்க்ஸ்-1 மரபணு முதலில் அடையாளம் காணப்பட்டதே, 1991-இல், இரத்தப் புற்றுநோயாளிகளின் ஆய்வில்தான். இரத்தத்தைப் பிறப்பிப்பதும், பழுதானால் நோயாவதும் அதுவே.

ஒரு வேண்டுகோள்

திருக்குர்ஆன் கருவின் நிலைகளைக் கூறுமிடத்தில் 'அலக்' என்னும் சொல் வருவதை வாசகர்கள் அறிவார்கள். 'ஒட்டிக்கொள்ளுதல்' என்பது அதன் வேர்ப்பொருள். அட்டைப்பூச்சிக்கும் உறைந்த இரத்தத்துக்கும் அச்சொல் வழங்கும். நம் தமிழ் மொழிபெயர்ப்புக்கள் பலவற்றில் 'இரத்தக்கட்டி' என்று இடம்பெற்றிருக்கிறது. 1976-இல் பிரெஞ்சு மருத்துவர் மாரிஸ் புகாய் அப்பொருளை மறுத்து, 'ஒட்டிக்கொள்வது' என்பதே பொருந்தும் என்றார். இனி யாரேனும் மேடையேறி, "நாடியின் சுவரில் ஒட்டி நிற்கும் இரத்த அணுக்களையே அலக் குறிக்கிறது, மேனாட்டார் இன்று கண்டது நமக்கு அன்றே தெரியும்" என்று முழங்கக்கூடும். சபையும் மகிழ்ந்து தக்பீர் முழக்கும்.

அவ்வழி நமக்கு வேண்டாம். அந்த வசனம் முழுக் கருவின் நிலையைப் பேசுகிறது. பெருநாடியின் சில அணுக்களையன்று. முற்காலத்து முஃபஸ்ஸிர்கள் தங்கள் காலத்து மருத்துவத்தைக் கொண்டு அதனை விளங்கினர். அம்மருத்துவம் மாறியது, வசனம் மாறவில்லை. இன்றைய ஆய்வும் நாளை திருத்தப்படலாம். 1970-இல் பையே ஊற்று என்றவர்களை ஐந்தே ஆண்டுகளில் காடைக்கரு திருத்தவில்லையா? மாறக்கூடியதை மாறாததோடு கட்டிவைத்தால், கட்டு அவிழும்போது நம் பிள்ளைகள் எதனைச் சந்தேகிப்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

இப்னுந் நஃபீஸ் காட்டிய வழி வேறு. அவர் ஃபிக்ஹின் மேடையில் ஃபகீஹாகவும், உடற்கூற்றின் மேடையில் அதன் நெறிக்குக் கட்டுப்பட்ட ஆய்வாளராகவும் இருந்தார். இப்னு சீனா சொல்லிவிட்டார் என்பதற்காக இல்லாத துளையை இருப்பதாகச் சொல்லவில்லை. நம் பெருமைக்காக நாமும் இல்லாத பொருளை வசனத்தில் இருப்பதாகச் சொல்ல வேண்டியதில்லை. இரத்தம் எங்கே பிறக்கிறது என்று நம் பிள்ளைகள் கேட்டால், "எல்லாம் கிதாபில் இருக்கிறது" என்று வாயை அடைக்காமல், கோழி முட்டையில் தொடங்கி மீன்கருவில் முடியும் இவ்வரலாற்றைச் சொல்வோம். அவர்களுள் ஒருவர் உருப்பெருக்கியின் முன் அமர்ந்து ஓர் இரவு விழித்திருந்தால், அதுவே நாம் பெறும் பேறு.

நம் முன்னோரான ஆலிம்கள் ஒரு மஸ்அலாவை நெடிது ஆராய்ந்து, சான்றுகளை வரிசைப்படுத்தி, தம் முடிவைக் கூறியபின், இறுதியில் இரண்டு சொற்களை எழுதி ஏட்டை மூடுவது வழக்கம். ஆராயாமல் இருப்பதற்காக அவர்கள் அதனை எழுதவில்லை. ஆராய்ந்த பிறகே எழுதினார்கள். இக்கட்டுரையையும் அச்சொற்களுடனேயே முடிக்கிறேன்: அல்லாஹு அஃலம்.